இரணைமடு நிரம்பிய வருடத்தில் இந்தியா போகத் திட்டமிட்டது

வயலை நம்பி வாழும் ஒரு கமக்காரனைக் கட்டிக்கொண்டவள், குளம் நிரம்பாமல் இருக்கட்டும் என்று மனதுக்குள் நினைக்கலாமா? நினைக்கக் கூடாது என்று தெரியும். ஆனால் நினைத்தேன். அதுவும் ஒரு நாள், இரண்டு நாள் அல்ல. கார்த்திகை முழுவதும் நினைத்தேன், மார்கழியில் பாதிவரைக்கும் நினைத்தேன்.

எங்கள் வீடு இரணைமடுக் குளத்துக்குக் கீழே, அரசாங்கம் காணி கொடுத்துக் குடியேற்றிய இடத்தில் இருக்கிறது. கலியாணம் முடித்து யாழ்ப்பாணத்திலிருந்து நான் இங்கே வந்து மூன்று வருடம். என் கணவர், அவருடைய தாயாரான மாமி, நான், பதினான்கு மாதம் நிரம்பிய மகள். இவ்வளவுதான் வீடு.

கலியாணப் பேச்சு நடந்தபோது, படித்த பெண், காட்டுப் பக்கம் வந்து இருப்பாளா என்று அவர்கள் வீட்டில் ஒரு கேள்வி எழுந்ததாம். அதற்கு என் கணவரான இவர், "வந்தா ஒருக்கா இந்தியா கூட்டிக்கொண்டு போறன் எண்டு சொல்லுங்கோ" என்று தரகரிடம் சொல்லி அனுப்பினாராம். பகிடிக்குச் சொன்னதுதான். ஆனால் நான் அதைப் பகிடியாக எடுக்கவில்லை. என்னோடு படித்த ஒருத்தி கலியாணம் செய்து சென்னைக்குப் போனவள், மாமல்லபுரத்துக் கடற்கரைக் கோயிலின் படம் போட்ட அஞ்சலட்டை ஒன்று எனக்கு அனுப்பியிருந்தாள். கல்லில் கட்டிய கோயில், அதன் காலடிவரை அலை. அந்த அட்டையை அலுமாரிக் கதவின் உட்பக்கத்தில் ஒட்டி வைத்திருந்தேன். சேலை எடுக்கும்போதெல்லாம் கண்ணில் படும்.

"கடல் பாக்க ஏன் பிள்ளை இந்தியாவுக்குப் போக வேணும்?" என்று மாமி ஒருமுறை கேட்டார். "முல்லைத்தீவில கிடக்கிறது என்ன, கிணறோ?"

மாமி கேட்டதில் நியாயம் இருந்தது. ஆனால் முல்லைத்தீவுக் கடற்கரையில் பல்லவர்கள் கோயில் கட்டவில்லையே.

இங்கே எதைத் திட்டமிட்டாலும் குளத்தைக் கேட்டுத்தான் திட்டமிட வேண்டும். மாரி மழையில் விளைகிற காலபோக நெல் மாசியில் அறுவடையாகும். அதன்பிறகு குளத்துத் தண்ணீரில் சிறுபோகம். ஆனால் சிறுபோகம் எல்லா வருடமும் எல்லோருக்கும் கிடையாது. மழைக்காலம் முடியும்போது குளத்தில் எத்தனை அடி தண்ணீர் நிற்கிறது என்று பார்த்து, எத்தனை காணிக்குக் கொடுக்கலாம் என்று கூட்டத்தில் தீர்மானிப்பார்கள். தண்ணீர் குறைவென்றால் ஒரு பகுதிக்கு மட்டும். போன வருடம் எங்கள் பக்கத்துக்குக் கிடைத்தது. ஆகவே இந்த வருடம் குளம் அரைகுறையாக நின்றால், தண்ணீர் மற்றப் பக்கத்துக்குப் போகும். எங்களுக்கு மாசிக்குப் பிறகு புரட்டாதிவரை வயலில் வேலை இருக்காது. இந்தியா போய்வர இதைவிட நல்ல காலம் வாய்க்காது. குளம் நிரம்பிவிட்டாலோ எல்லாக் காணிக்கும் தண்ணீர். நெல்லுச் சூடு மிதித்து முடிந்த கையோடு மண்வெட்டியைத் தூக்க வேண்டியதுதான்.

இந்தக் கணக்கு எனக்கு ஐப்பசியிலேயே விளங்கிவிட்டது. ஒரு நாற்பது பக்கக் கொப்பி எடுத்து, முதல் பக்கத்தில் 'இந்தியப் பயணம்' என்று எழுதி, கீழே கோடும் போட்டேன். ராமேஸ்வரம் இரண்டு நாள், மதுரை மூன்று நாள், பிறகு கன்னியாகுமரி, சிதம்பரம், மாமல்லபுரம், சென்னை. மொத்தம் மூன்று கிழமை. கொண்டு போக வேண்டிய சாமான்களில் பெரியவர்களுக்கு அரைப் பக்கம் போதுமாக இருந்தது. மகளுக்கு மூன்று பக்கம் போயிற்று. கொதித்தாறிய தண்ணீர் இரண்டு போத்தல், அதில் ஒன்று உடைந்தால் மூன்றாவது. வயிற்றோட்டத்துக்கு ஓமம். மலச்சிக்கலுக்கு முந்திரிகை வற்றல். இவர் ஒருநாள் கொப்பியைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "பிள்ளைக்கு ரண்டும் ஒரே நாளில வராது, பயப்பிடாதையும்" என்றார்.

கார்த்திகையில் மழை பிடித்தது. காலையில் வீதியால் போகிறவர்கள் ஒருவரை ஒருவர் நலம் விசாரிப்பதற்கு முன், "குளம் எத்தினை அடியாம்?" என்றுதான் கேட்பார்கள். நானும் வேலிக்கு இப்பால் நின்று கேட்டேன். அவர்கள் கேட்டது ஒரு ஆசையில், நான் கேட்டது வேறொரு ஆசையில். ஒவ்வொரு அடி ஏறும்போதும் கொப்பியில் ஒவ்வொரு ஊராக அழிவதுபோல இருந்தது. பிறகு, என்ன பாவம் நினைக்கிறேன் என்று விளக்கடியில் போய் நின்று, "அம்மாளாச்சி, எல்லாருக்கும் தண்ணி கிடைக்கட்டும்" என்று வாய்விட்டுச் சொல்லிக் கும்பிடுவேன். மனது அதோடு சேர்ந்து கும்பிடவில்லை என்பது அம்மாளுக்கும் தெரிந்திருக்கும்.

மார்கழி நடுவில் குளம் வான் பாய்ந்தது. நிரம்பி வழிகிற தண்ணீரைப் பார்க்கக் குடியேற்றத்திலிருந்து வண்டில் வண்டிலாகச் சனம் போனது. நாங்களும் போனோம். வெள்ளைவெளேரென்று நுரைத்துக்கொண்டு தண்ணீர் விழுந்த இடத்தில், எங்கள் வாய்க்காலின் கடைசிக் காணிக்காரர், ஐம்பது வயது மனிதர், சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு முழங்கால் தண்ணீரில் நின்று ஆடினார். கடைக்காணி அண்ணை என்றுதான் அவரைச் சொல்வோம்.

"இந்த முறை ஒருத்தருக்கும் இல்லை எண்டில்லை! எல்லாருக்கும் தண்ணி!" என்று எங்களைக் கண்டதும் கத்தினார்.

என் மகள் அதைப் பார்த்துக் கை தட்டினாள். இவரும் சிரித்தார். பிறகு என் பக்கம் திரும்பி, "ஏன் முகம் சுருங்கிக் கிடக்கு?" என்று கேட்டார்.

"பிள்ளைக்குக் குளிர் பிடிச்சிடும் எண்டு யோசிச்சன்."

"பொய்" என்றார். பிறகு மெதுவாக, "நான் மறக்கேல்லை. கூட்டத்தில கதைக்கிறன். சித்திரை வருசம் பிறந்தாப் பிறகு தண்ணி திறக்கச் சொல்லுறன். பங்குனி முழுக்க எங்களுக்குத்தான்" என்றார்.

அந்த ஒரு சொல்லை நம்பித் தை மாதம் முழுவதும் வேலை செய்தேன். பாஸ்போட்டுக்குப் படம் எடுக்க யாழ்ப்பாணம் போனோம். மகளும் என்னோடு படத்தில் இருக்க வேண்டுமா, வேண்டாமா என்று எங்களுக்கும் தெரியவில்லை, படம் எடுக்கிறவருக்கும் தெரியவில்லை. ஆகவே அவளோடு ஒன்று, அவள் இல்லாமல் ஒன்று என்று இரண்டு விதமாகவும் எடுத்தோம். சின்னப் பிள்ளையைப் படம் எடுத்தால் கண்ணூறு படும் என்று மாமி வழி முழுக்கச் சொல்லிக்கொண்டு வந்தவர், படம் எடுக்கிற நேரத்தில் பாய்ந்து போய்ப் பிள்ளையின் கன்னத்தில் பெரிய கறுத்தப் பொட்டு ஒன்றை வைத்துவிட்டார். விண்ணப்பத்தோடு அவள் இல்லாத படத்தைத்தான் அனுப்பினோம். மற்றது இப்போது அலுமாரிக் கதவில் கோயில் அட்டைக்குப் பக்கத்தில் இருக்கிறது. ஏதோ குற்றம் செய்து பிடிபட்டவள்போல நான், பொட்டோடு அவள்.

பயணத்துக்காக அம்மைப்பால் குத்திய பிறகு மகளுக்கு மூன்று நாள் காய்ச்சல். அந்த மூன்று நாளும் நான் கொப்பியைத் தொடவில்லை. ஒரு கடலைப் பார்க்கிற ஆசைக்காகப் பிள்ளையின் கையைக் கீறவைத்தேனே என்று அழுதேன். நாலாம் நாள் அவள் எழும்பி, மாமியின் வெற்றிலைத் தட்டைக் கவிழ்த்தாள். நான் கொப்பியை எடுத்து, 'காய்ச்சலுக்குக் கொய்னா வில்லை' என்று எழுதினேன். பிறகு அது பிள்ளைகளுக்குக் கொடுக்கலாமோ தெரியாது என்று வெட்டினேன்.

கூட்டம் மாசி தொடக்கத்தில் நடந்தது. இவர் வெள்ளை வேட்டி கட்டிப் போனார். மத்தியானம் கழித்து வந்து, கதிரையில் இருந்து, ஒரு செம்பு தண்ணீரை ஒரே மூச்சில் குடித்தார்.

"எப்ப திறக்கினமாம்?" என்று கேட்டேன்.

"பங்குனி முதலாந் திகதி."

"வருசம் பிறந்தாப் பிறகு எண்டு நீங்கள் கதைக்கேல்லையோ?"

"கதைக்கத்தான் எழும்பினனான்."

"பிறகு?"

"பிறகு இருந்திட்டன்."

அந்த நேரம் பார்த்து, கடைக்காணி அண்ணை சைக்கிளில் வந்து வேலிப் படலையடியில் காலை ஊன்றினார்.

"தங்கச்சி! உம்மட மனிசன் இண்டைக்குக் கூட்டத்தையே கலக்கிப்போட்டார். பங்குனியில திறக்க ஆர் ஆர் சம்மதம் எண்டு கூட்டம் நடத்தின ஐயா கேட்டு வாய் மூடேல்லை, தம்பியின்ர கைதான் முதல் மேல போனது. அதைக் கண்டுதான் மற்றவையும் தூக்கினவை!"

சொல்லிவிட்டு, பெரிய புகழாரம் சூட்டிய சந்தோசத்தோடு மிதித்துக்கொண்டு போய்விட்டார்.

நான் இவரைப் பார்த்தேன். இவர் தன் வலது கையைப் பார்த்தார்.

"நான் தூக்கேல்லை. அது தன்பாட்டில போட்டுது" என்றார்.

குசினிக்குள் இருந்து மாமியின் குரல் வந்தது. "சின்னனில பள்ளிக்கூடத்தில இப்பிடிக் கை தூக்கியிருந்தா இப்ப ஒரு உத்தியோகத்தில இருந்திருப்பாய் மோனை."

எனக்குக் கோபம் வந்தது உண்மைதான். ஆனால் கொஞ்ச நேரம் போக, கோபிக்கவும் முடியவில்லை. தண்ணீர் திறக்கட்டுமா என்று கேட்டால் கை தூக்காமல் இருக்கிற கமக்காரன் யார்? அவருக்கு அந்த நிமிடத்தில் மனைவியும் ஞாபகத்தில் இல்லை, மாமல்லபுரமும் ஞாபகத்தில் இல்லை. தண்ணீர் என்ற ஒரு சொல்தான் காதில் விழுந்திருக்கிறது. எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தால் விட்டுக்கொடுத்ததாகிவிடும் என்று கிணற்றடிக்குப் போய்ச் சிரித்தேன். அங்கே போனதும் சிரிப்பு அழுகையாகிவிட்டது.

அடுத்த கிழமை பாஸ்போட்டுகள் தபாலில் வந்தன. இவர் அவற்றை வாங்கி மேசையில் வைத்துவிட்டு, "நீர் அம்மாவோடயும் பிள்ளையோடயும் போட்டு வாருமன். நான் வயலைப் பாக்கிறன்" என்றார். நல்ல மனதோடு சொன்னதுதான். ஆனால் கலியாணம் முடித்த நாளிலிருந்து நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து போன தூரம் ஆஸ்பத்திரியும் கோயிலும், படம் எடுத்த யாழ்ப்பாணமும்தான். அந்தக் கடலுக்கு முன்னால் இவர் பக்கத்தில் நிற்க வேண்டும் என்பதுதான் என் ஆசையே. அதை வாய்விட்டுச் சொல்ல வெட்கமாக இருந்தது. "பாப்பம்" என்று மட்டும் சொன்னேன்.

பிறகு கொப்பியை எடுத்து, பயணத்தை விட்டுவிட்டு, வாய்க்காலை வரைந்தேன். எங்கள் வாய்க்காலில் முதல் தண்ணீர் எல்லோருக்கும் ஒரே நாளில் வராது. தலைப்பக்கத்துக் காணிக்கு முதலில், பிறகு அடுத்தது, அப்படியே இறங்கிக் கடைசிக் காணிக்கு. எங்களுடையது தலையிலிருந்து இரண்டாவது. தண்ணீர் வருகிற அன்றே காணிக்காரன் நிற்க வேண்டும். நான் ஒவ்வொரு காணிக்கும் ஒரு கட்டம் போட்டு, நாளை எழுதிக்கொண்டு வந்தேன். கடைசிக் கட்டத்தில் வந்து நின்ற எண்ணைப் பார்த்ததும் கொப்பியை மூடிவிட்டேன். அதை யாரிடமும் சொல்லாமல் இரண்டு நாள் வைத்திருந்தேன். சொல்லலாமா? வயல் விசயத்தில் பெண் வாய் வைத்தால் மாமி என்ன நினைப்பார்? பயிர் பிழைத்தால் யார் தலையில் விடியும்?

மூன்றாம் நாள் காலை கடைக்காணி அண்ணை நெல்லுக் கட்டச் சாக்கு கேட்டு வந்தார். தேத்தண்ணி கொடுத்தேன். இவர் முற்றத்தில் அரிவாள் தீட்டிக்கொண்டிருந்தார்.

"அண்ணை, பங்குனி ஒண்டில திறந்தா உங்கட காணிக்கு எப்ப வரும்?" என்று கேட்டேன்.

"எனக்கோ? மேல இருக்கிறவை எல்லாரும் குளிச்சு முழுகி, மாட்டையும் குளிப்பாட்டி முடிய வரும். பதின்மூண்டாம் நாள் எண்டு வையுமன்."

"எங்களுக்கு?"

"உங்களுக்கென்ன! ரண்டாங் காணி. அண்டைக்கே பாயும்."

"அப்ப உங்கட முறையையும் எங்கட முறையையும் இந்த ஒருதரம் மாத்தினா என்ன?" இதை நான் அவருடைய முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை. தேத்தண்ணிக் கேத்திலைப் பார்த்துத்தான் சொன்னேன்.

அரிவாள் தீட்டுகிற சத்தம் நின்றது. கடைக்காணி அண்ணை சிரித்தார். "பகிடி விடாதையும் தங்கச்சி." பிறகு எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தார். "மெய்யாத்தான் சொல்லுறியளோ? ஆறு வருசமாக் கடைசியில நிண்டு பாத்திருக்கிறன். எனக்குக் கதிர் பால் பிடிக்கிற நேரம் பாத்துத்தான் குளத்தை மூடுவினம். அரைவாசி பதர்தான். ஒருக்காலும் ஒருத்தரும் இப்பிடிக் கேட்டதில்லை."

கடைசியில் நின்றால் இப்படியெல்லாம் நடக்கும் என்று நான் கட்டத்தில் எழுதவில்லையே. "அப்ப எங்களுக்கும் பதராப் போயிடுமோ?" என்று இவரைக் கேட்டேன். யோசனையைச் சொன்னவளே நான்தான்.

இவர் அரிவாளைக் கீழே வைத்துவிட்டு வயல் பக்கம் பார்த்தார். "குளம் முட்டக் கிடக்கு. இந்த வருசம் கடைசித் தண்ணி பெரும்பாலும் தப்பாது" என்றார்.

"தப்பினா?"

"தப்பினா, அண்ணை ஆறு வருசம் பட்டதை நாங்கள் ஒரு வருசம் பட்டுப் பாப்பம். செத்தா போயிடுவம்?"

கடைக்காணி அண்ணை எழும்பி, இவருடைய கையைப் பிடித்தார். "நீர் ஆறுதலாப் போட்டு வாரும் தம்பி. உம்மட வரம்பில நண்டு ஒரு பொட்டுத் துளைக்க விடமாட்டன்." படலைவரை போனவர் சாக்கை மறந்துபோய்த் திரும்பி வந்தார்.

தண்ணீர் முறை பார்க்கிறவரிடம் இரண்டு பேரும் சேர்ந்து போய்ச் சொன்னார்கள். அவர் தன் புத்தகத்தில் இரண்டு பேரையும் மாற்றி எழுதிவிட்டு, என்ன விசேஷம் என்று கேட்டாராம். "மனிசிக்குக் கடல் பாக்க வேணுமாம்" என்று இவர் ஒளிக்காமல் சொல்லிவிட்டார். பின்னேரத்துக்குள் வாய்க்கால் முழுக்கத் தெரிந்துவிட்டது. சங்கக் கடைக்குப் போனால், "என்ன தங்கச்சி, முல்லைத்தீவுக் கடலை வித்துப்போட்டினமோ?" என்று கேட்கிறார்கள். ஒரு அக்கா மட்டும் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "போம் பிள்ளை. நானெண்டாக் கேட்டிருக்கவே மாட்டன். நீர் கேட்டிட்டீர்" என்றார். அது பாராட்டா, கண்டனமா என்று நான் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

இதை எழுதுகிற இந்த மாசி நடுவில் வயலில் சூடு மிதித்துக்கொண்டிருக்கிறார்கள். பங்குனி முதலாந் திகதி, வாய்க்காலில் தண்ணீர் வருகிற அன்று, நாங்கள் கிளிநொச்சியில் புகையிரதம் ஏறுவோம். மதவாச்சியில் மாறித் தலைமன்னார், அங்கிருந்து கப்பலில் தனுஷ்கோடி. பதின்மூன்றாம் நாள் விடிய இவர் வயலில் நிற்க வேண்டும். ஆக, பன்னிரண்டு நாள். போக வர நாலு நாளை விட்டால் எட்டு. மூன்று கிழமைக்குப் போட்ட திட்டத்தை எட்டு நாளுக்குள் மடிக்க வேண்டும்.

ராமேஸ்வரத்தில் ஒரு பிரச்சினையும் இல்லை. காலமான மாமாவுக்குச் செய்ய வேண்டிய கடமை அங்கே இருக்கிறது, அது வழியிலும் இருக்கிறது. கன்னியாகுமரியையும் சிதம்பரத்தையும் சென்னையையும் நானே வெட்டிவிட்டேன். சண்டை அதற்கு அப்பால்தான். மதுரை மீனாட்சியைக் காணாமல் திரும்பினால் சனத்துக்கு முகம் கொடுக்க ஏலாது என்று மாமி சொல்கிறார். இவரிடம், உங்களுக்கு எங்கே போக ஆசை என்று கேட்டேன். இத்தனை மாதத்தில் அவரை நான் அதைக் கேட்கவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. கொஞ்சம் வெட்கப்பட்டுக்கொண்டு, "திருச்சிப் பக்கம் கல்லணை எண்டு ஒண்டு இருக்காம். காவிரியை மறிச்சுக் கட்டினது. அதை ஒருக்காப் பாக்கலாம்" என்றார்.

"இந்தியாவுக்குப் போயும் வாய்க்கால் பாக்கப் போறியளோ?" என்று கேட்டேன்.

"அவ்வளவு காலத்துக்கு முந்தி என்னெண்டு கட்டினவங்கள் எண்டு பாக்க வேணும். உம்மட கோயிலும் கல்லுத்தானே."

மாமி வெற்றிலையை மடித்தபடி, "தாய்க்கு ஒரு கோயில், மகனுக்கு ஒரு அணை, மருமகளுக்கு ஒரு கடல். பிள்ளைக்கு என்ன வேணுமெண்டு அதையும் கேளுங்கோவன்" என்றார். பிள்ளை அந்த நேரம் பாஸ்போட்டின் மூலையைச் சப்பிக்கொண்டிருந்தாள்.

மூன்றையும் பார்க்கலாம் என்று கொப்பியில் ஒரு திட்டம் போட்டேன். அதில் நாங்கள் நாலு இரவு புகையிரதத்திலேயே தூங்குகிறோம். இன்னும் பால் மறக்காத பிள்ளையை வைத்துக்கொண்டு, பங்குனி வெயிலில் அப்படி ஓட முடியுமா? ஓடி, பிள்ளைக்கு ஏதும் வந்தால் யாருக்கு என்ன பதில் சொல்வேன்? ஒன்றை விட்டால், எதை விடுவது? வயதான மாமியிடம் மதுரையை விடச் சொல்ல வாய் வரவில்லை. தன் தண்ணீர் முறையையே எனக்காக விட்டுக்கொடுத்தவரிடம் கல்லணையையும் விடச் சொல்வதா? கடமை தெரிந்த மருமகளாக இருந்தால் நானே என் கடலை விட்டிருப்பேன். இரண்டு தரம் அப்படி எழுதியும் பார்த்தேன். இரண்டு தரமும் வெட்டிவிட்டேன்.

ஆகவே, கைக்குழந்தையோடு அந்தப் பக்கம் போய்வந்த தாய்மார் யாராவது இதை வாசித்தால், பங்குனி பிறக்கமுன் எனக்கு ஒரு வழி சொல்லுங்கள். எட்டு நாளுக்குள் மூன்று இடத்தையும் பிள்ளையை வருத்தாமல் பார்க்க முடியுமா? கப்பலிலும் புகையிரதத்திலும் பிள்ளைக்கு என்ன கொடுத்தீர்கள்? பாலை இப்போதே மறக்கடிப்பதா, வந்தபிறகு பார்ப்பதா? ஒரு இடத்தை விடத்தான் வேண்டும் என்றால், எதை விடலாம் என்று தயவுசெய்து சொல்லுங்கள். மாமல்லபுரத்தை விடு என்று சொல்வதானால் மட்டும், காரணத்தைக் கொஞ்சம் விரிவாக எழுதுங்கள்.